குளிர்கொடியும் எச்.எம். மிஸ்ஸும்

வேப்பங்கால் அரசு உயர்நிலைப் பள்ளியில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அங்கே குண்டூசியைக் கீழே போடும் தைரியம் யாருக்கும் கிடையாது.

காரணம், தலைமையாசிரியை தீபலட்சுமி. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. யாரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தித் திட்டியதுகூட அபூர்வம். வகுப்பு வாசலில் வந்து நிற்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடித்து மாட்டிக்கொள்வதற்குள் அந்த வகுப்பில் அத்தனை வாயும் மூடியிருக்கும்.

இது நடப்பது இன்னும் முப்பது வருடம் கழித்து என்பதால், இடையில் என்னென்ன மாறியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்குகள் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. பரீட்சைக்குப் பேப்பர் கிடையாது. பங்குனி மாதமே அக்னி நட்சத்திரம்போலக் காய்ந்தது. அசல் அக்னி நட்சத்திரம் எப்படிக் காய்ந்தது என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரும்பலகையின் வலது மூலையில் கோடு கிழித்துப் பிரித்த ஒரு கட்டம், அதன் தலையில் ‘பேசுபவர்கள்’ என்ற எழுத்து, பக்கத்தில் சாக்பீஸும் கையுமாக நிற்கும் கிளாஸ் லீடர். அதை எந்த விஞ்ஞானத்தாலும் அசைக்க முடியவில்லை.

வெயில் கூடக் கூடப் பள்ளிகளுக்கு ஏ.சி. மாட்டினார்கள். ஏ.சி. கூடக் கூட வெயில் இன்னும் கூடியது. பிள்ளைகள் நாளைக்குப் பிழைக்கப்போகிற உலகத்தைப் பள்ளிக்கூடமே உட்கார்ந்து சூடாக்குவதா என்று அரசாங்கத்துக்கே ஒருநாள் வெட்கம் வந்தது. எல்லா ஏ.சி.யையும் கழற்றச் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு செடியைக் கொடுத்தார்கள்.

அதற்குக் குளிர்கொடி என்று பெயர். கோவைக்கொடிக்குத் தூரத்துச் சொந்தம், ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. சுவரெல்லாம் ஏறி, கூரைக்குக் கீழே கட்டிய வலையில் பந்தலாகப் படரும். சத்துணவு சாப்பிட்டபின் பிள்ளைகள் கை கழுவிய தண்ணீரும் தட்டு கழுவிய தண்ணீரும் அதன் வேருக்குப் போகும். கொடி அதை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கி விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அறை குளிரும், ஈரக்காற்று மேலே துவாரம் வழியாக வெளியேறிவிடும். ஒரு பொட்டு மின்சாரமும் வேண்டாம்.

ஆம்பூரில் கொடி வேலை செய்தது. வாணியம்பாடியில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்பதாகச் சேதி வந்தது. வேப்பங்காலில் மட்டும் அது இலைகளையெல்லாம் கைகூப்பியதுபோல மடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

தீபலட்சுமிக்கு அது கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல. ஜூன் மாதம் வெப்ப ஆய்வு வரும். மதிய வகுப்பில் சூடு முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் பள்ளியை மூடி, பிள்ளைகளைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி வேலூரில் இருக்கும் குளிர்மையத்துக்கு அனுப்புவார்கள். விருப்பம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்தே திரையில் படிக்கலாம். பையன்கள் பஸ் ஏறிவிடுவார்கள். பெண் பிள்ளைகள்?

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கிளாஸ் லீடர் மிதுனா. அவளுடைய அப்பா சங்கர் ஆம்பூர் பைபாஸில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். அவர் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

“வேலூருக்கெல்லாம் அனுப்ப முடியாது மிஸ். பொம்பளப் புள்ள. இங்கன்னா நடந்து வருது, நடந்து போகுது. மூடிட்டாங்கன்னா வூட்லயே திரையில படிச்சுக்கட்டும்.”

வீட்டில் இருக்கும் ஒரு திரையை அண்ணன் எடுத்துக்கொள்வான், தங்கைக்கு வெங்காயம் உரிக்கும் வேலை வரும். தீபலட்சுமிக்கு அது நன்றாகத் தெரியும். மிதுனா மாதிரி இந்தப் பள்ளியில் பாதிக்குப் பாதி பேர். அதை நினைத்தால் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

கொடியைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் ரிஸ்வானா, மேல்விஷாரத்துப் பெண். ஸ்கூட்டரில் வருவாள், வேரைத் தோண்டிப் பார்ப்பாள், தண்ணீரை நாக்கில் வைத்தே பார்த்துவிடுவாள். வேலையில் அப்படி ஒரு வெறி. அவள் வரும்போதெல்லாம் தீபலட்சுமி விருந்தாளி வந்த மரியாதைக்கு ஒரு ரவுண்டு சுற்றி வருவார். பள்ளி முழுவதும் கப்சிப்.

“வேர் நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு, வெளிச்சம் நல்லாருக்கு. இதுக்கு என்ன கேடுன்னு எனக்கே புரியல மிஸ்” என்று ரிஸ்வானா கிசுகிசுத்தாள். வேப்பங்கால் பள்ளிக்குள் நுழைந்தால் யாருக்கும் குரல் அப்படித்தான் இறங்கிவிடும்.

“ஏம்மா, உரம் கிரம் போடலாமா?”

“இன்னும் போட்டா வெடிச்சிடும் மிஸ்.”

இப்படி இருக்கும்போதுதான் தீபலட்சுமி ஒரு கூட்டத்துக்காக ராணிப்பேட்டைக்குப் போனார். மதியம் பி.டி. மாஸ்டர் ஜெபராஜிடமிருந்து போன் வந்தது.

“மிஸ்! கொடி வேலை செய்யுது மிஸ்! ஏழாவது ‘பி’ல முப்பது டிகிரி! உள்ள ஜில்லுனு இருக்கு, எட்டாவது பசங்கள்லாம் இங்க வந்து உக்காந்துட்டாங்க!”

தீபலட்சுமி கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டோக்காரரிடம் “கொஞ்சம் வேகமாப் போப்பா” என்றார். பள்ளி கேட்டுக்குள் நுழைந்து ஏழாம் வகுப்புக்குப் போய்ப் பார்த்தால், பிள்ளைகள் ஒழுங்காகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கொடியும் இலையை மடித்துக்கொண்டு ஒழுங்காக இருந்தது. வெப்பமானி முப்பத்தேழு காட்டியது.

“சத்தியமா மிஸ், இப்போ வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் ஜெபராஜ். அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோதும் அதே கதை. அவர் வெளியே போனால் பள்ளி குளிர்ந்தது, உள்ளே வந்தால் கொதித்தது. ஆசிரியர்கள் அறையில் பேச்சு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? தீபலட்சுமி ஒருநாள் வராந்தாவில் போகும்போது அது காதில் விழுந்தது.

“மிஸ்ஸுக்கும் கொடிக்கும் ஜாதகம் பொருந்தலப்பா. மிஸ்ஸு கண்ணு பட்டாலே சுருங்கிக்குது.”

உள்ளே அடக்கிய சிரிப்பு. தீபலட்சுமி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, மனம் நொந்துபோயிற்று. இந்தப் பள்ளிக்காகக் கல்யாண வீடு, காதுகுத்து எதற்கும் லீவு போடாதவர் அவர். ராசி இல்லாதவள் என்று ஒரு செடி சொல்வதா? அவர் கணக்கு டீச்சர். ராசியை நம்புகிறவர் இல்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மதியம் பின்பக்க கேட் வழியாக வந்து, சைக்கிள் ஷெட் ஓரமாக நடந்து, ஏழாம் வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். தன் சொந்தப் பள்ளிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த முதல் தலைமையாசிரியை அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் கேட்டதை அவரால் நம்ப முடியவில்லை. சத்தம்! அவருடைய பள்ளியில் சத்தம்! கணக்கு டீச்சர் நிவேதா உள்ளேதான் இருந்தாள். அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தீபலட்சுமிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்று வாயைத் திறந்தவர், ஏனோ ஒரு நிமிடம் காது கொடுத்தார்.

“டேய், முக்கால்ல பாதி எப்பிட்றா அரையாவும்? முக்கால் பரோட்டாவ ரெண்டு பேரு பிச்சா ஆளுக்கு அரையா வரும்?”

“அப்போ எவ்ளோ வரும், சொல்லு பாப்போம்!”

“மூணு அரைக்கால்!”

“அப்பிடி ஒண்ணு இருக்கா?”

“இருக்குடா! நாலு கோடு போட்டுக் காட்றேன் பாரு!”

சரியான விடை. தீபலட்சுமி அந்தப் பின்னத்தை இருபது வருடமாக நடத்தியிருக்கிறார். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளைகூட “அப்பிடி ஒண்ணு இருக்கா?” என்று கேட்டதில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

எக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூரைக்குக் கீழே கொடி முழுவதும் விரிந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு இலையும். முகத்தில் வந்து மோதிய காற்று அவ்வளவு இதமாக இருந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. முப்பது வருடப் பழக்கம் விடுமா? வாயிலிருந்து வந்தது வேறு.

“என்ன சத்தம் இங்க?”

ஆணி அடித்ததுபோல நின்றது சத்தம். பிள்ளைகள் கைகட்டிக்கொண்டார்கள். நிவேதா சாக்பீஸைக் கீழே போட்டாள். அப்போதுதான் தீபலட்சுமி அதைப் பார்த்தார். ஜன்னலோரம் ஓர் இலை மெல்ல மடிந்தது. அடுத்து அதற்குப் பக்கத்து இலை. வரிசையாக, அசெம்பிளி முடிந்து கலையும் பிள்ளைகள்போல, கூரை முழுவதும் இலைகள் மடிந்துகொண்டே போயின. வெப்பமானியில் எண் ஏறத் தொடங்கியது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இருபத்துநாலு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஓர் அதிகாரி அவருடைய வகுப்பு வாசலில் நின்று, “இது என்ன கிளாஸா, சந்தைக்கடையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு அழுத அழுகையில்தான் இந்த அமைதி பிறந்தது. இத்தனை வருடமும் அதைத் தன் சாதனை என்று நினைத்திருந்தார்.

மாலையில் ரிஸ்வானா தலைமையாசிரியை அறைக்குப் பறந்தடித்துக்கொண்டு வந்தாள். தீபலட்சுமி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் ஒரு மாதிரி ஆகி, கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“ஐயோ மன்னிச்சிடுங்க மிஸ். ஆள் இல்லாத ரூம்ல கொடி தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணோம். உள்ள ஆள் இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணா இருக்கு? அதனால சத்தத்துக்கு இலை விரியற மாதிரி வளர்த்தோம். தேனீ சத்தத்துக்குப் பூவு தேன் சுரக்கற மாதிரி, இது பேச்சுச் சத்தத்துக்குத் திறக்கும்.”

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

“சொல்லணும்னு தோணவே இல்ல மிஸ். இத்தனை பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருக்கோம். சத்தமே இல்லாத பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்கும்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் கனவுல கூட நினைக்கல.”

தீபலட்சுமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து அந்த அறை பார்த்ததில்லை. மேஜைக்கு மேலே தொங்கிய ஒற்றை இலை திடுக்கிட்டு விரிந்தது.

அப்போதே பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மறுநாள் அசெம்பிளியில் அவர் மைக்கைப் பிடித்து, “பிள்ளைங்களா, இன்னையிலேருந்து கிளாஸ்ல எல்லாரும் பேசலாம். பாடத்தைப் பத்திக் கேளுங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுங்க. பேசணும்” என்றார். மைதானத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. இது ஏதோ பொறி என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்புக்குப் போய், “சும்மா பேசுங்கடா” என்று தட்டிக்கொடுத்தும் பார்த்தார். ஒரு பையன் எழுந்து, “பேசலாமா மிஸ்?” என்று அனுமதி கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஜெபராஜ் ஒரு யோசனை சொன்னார். மைதானத்தில் கபடி ஆடும் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டார்கள். கொடி ஒருநாள் விரிந்தது. மறுநாள் பாதி விரிந்தது. மூன்றாம் நாள் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா பழகிடும் மிஸ்” என்றாள் ரிஸ்வானா. “ஒருத்தர் பேச, இன்னொருத்தர் மறுக்க, நடுவுல ஒருத்தர் சிரிக்கன்னு மாறி மாறி வரணும். நிஜமான பேச்சு வேணும்.”

கடைசியில் வழி ஒன்றுதான் இருந்தது. ஆய்வு நாளில் தீபலட்சுமி யார் கண்ணிலும் படாமல் லேப் அறைக்குள் உட்கார்ந்துகொள்வது. நிவேதா வகுப்பை நடத்துவாள், பிள்ளைகள் பழையபடி பேசுவார்கள், கொடி விரியும். தன்னால்தான் பள்ளி கொதிக்கிறது என்று ஊரறிய ஒப்புக்கொள்வது லேசான காரியமா? மிதுனாவின் முகத்தை நினைத்துக்கொண்டு அதற்கும் சம்மதித்தார்.

ஆய்வு நாள் வந்தது. ஆய்வாளர் தணிகைவேல் தடித்த ஆள், தொப்பலாக வியர்த்த சட்டை, கையில் சொந்த வெப்பமானி. சத்துணவு நேரம் முடிந்து மதிய மணி அடித்ததும், “ஏழாவது ‘பி’ல உக்கார்றேன்” என்றார். லேப் அறையிலிருந்த தீபலட்சுமிக்கு ஜெபராஜ் மூச்சுவாங்க ஓடிவந்து சேதி சொன்னார்.

“மிஸ், உங்களையும் கூப்பிட்றாரு. எச்.எம். பக்கத்துல உக்காந்தாத்தான் ஆய்வு செல்லுமாம். ரூல்ஸாம்.”

வேறு வழி இல்லை. தீபலட்சுமி போய் ஆய்வாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருபக்கம் எச்.எம்., இன்னொரு பக்கம் அதிகாரி. பிள்ளைகளுக்கு மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது. நிவேதா, “யாராவது சொல்லுங்க பாக்கலாம்” என்று கெஞ்சாத குறை. மிதுனா பலகை ஓரத்தில் சாக்பீஸோடு சிலையாக நின்றாள். கொடி கைகூப்பிக்கொண்டு கிடந்தது.

முப்பத்துமூன்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. முப்பத்துநாலு.

“அபாரமான டிசிப்ளின் மேடம்” என்றார் தணிகைவேல் மெதுவாக. மனதாரத்தான் சொன்னார். “இப்படி ஒரு பள்ளிக்கூடத்தை மூட வேண்டியிருக்கேன்னு வருத்தமா இருக்கு.”

வெப்பமானி முப்பத்துநாலரையைத் தொட்டது. தீபலட்சுமி மிதுனாவைப் பார்த்தார். அவள் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிக்குப் பேச்சு வேண்டும் என்பதும், பள்ளியை மூடினால் தன் படிப்பு என்னாகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்ததே தீபலட்சுமிதான்.

அவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பிள்ளைங்களா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. மிதுனாவின் டிபன் பையில் அச்சடித்திருந்த ‘சங்கர் பிரியாணி’ கண்ணில் பட்டது. “பிரியாணிக்குத் தொட்டுக்கறதுக்கு எல்லாரும் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் வச்சிக்கறீங்களே, அது எதுக்குன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. நான் எப்பவும் பிரியாணியில சாம்பார் ஊத்தித்தான் சாப்பிடுவேன்.”

வகுப்பு இன்னும் அமைதியானது. ஆனால் இது வேறு அமைதி. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் தன்னை அறியாமல் வந்தது.

“ஐயய்யோ.”

“ஆமாம். நல்லாக் குழைய ஊத்தி, அப்பளம் நொறுக்கிப் போட்டு” என்றார் தீபலட்சுமி.

“மிஸ்! சாம்பாரா மிஸ்?”

“பிரியாணியிலயா?”

“எந்த ஊர்ல மிஸ் அப்பிடிச் சாப்புட்றாங்க?”

“டேய், ரசம் ஊத்தினாக்கூடப் பரவால்லடா!”

“ரசம் மட்டும் ஊத்தலாமா? உன்ன யார்ரா கேட்டது?”

மிதுனா பழக்க தோஷத்தில் ‘பேசுபவர்கள்’ என்பதற்குக் கீழே பெயர் எழுதத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, நாலு. கை ஓடிய வேகத்துக்குச் சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டை அவள் கீழே எறிந்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள்.

“மிஸ், எங்க கடைக்கு வந்து இத மட்டும் சொல்லிடாதீங்க! எங்க அப்பா இலைய எடுத்துருவாரு!”

வகுப்பு வெடித்தது. கத்தரிக்காய்க் கட்சி ஒரு பக்கம், தயிர் வெங்காயக் கட்சி ஒரு பக்கம். எங்கிருந்தோ கிளம்பிய உருளைக்கிழங்குக் கட்சியை இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினார்கள். நிவேதா டீச்சர் சீரகச் சம்பாவுக்காக மேஜையைத் தட்டினாள். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் தணிகைவேல் எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம், நான் ஆம்பூர்க்காரன். மன்னிக்கணும், இத என்னால கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. பிரியாணின்னா என்னன்னு நெனச்சீங்க? எங்க பாட்டன் காலத்துலேருந்து...”

“சார், நீங்க சொல்லுங்க சார்! ஒழுங்கா சொல்லுங்க சார்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

தீபலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலோரம் முதல் இலை விரிந்தது. பிறகு எது முதல், எது அடுத்தது என்று சொல்ல முடியவில்லை. கூரை முழுவதும் ஒரே நேரத்தில் பச்சையாகத் திறந்துகொண்டது. கழுத்தில் குளிர் பட்டபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்துமூன்று. முப்பத்தொன்று. தணிகைவேல் அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று பலகையில் எழுதிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பித் தன் வெப்பமானியைப் பார்த்தபோது அது இருபத்தொன்பதில் நின்றது. அதைத் தட்டிப் பார்த்தார். உதறியும் பார்த்தார்.

“என்ன மேடம் இது?”

“சந்தைக்கடை சார்” என்றார் தீபலட்சுமி. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

பள்ளி தேறியது. தணிகைவேல் ஸ்கூட்டரில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, “அந்தச் சாம்பார் விஷயம், சும்மா பேச்சுக்குச் சொன்னதுதானே மேடம்?” என்று கேட்டார். தீபலட்சுமி கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். ஆய்வாளர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேப்பங்கால் பள்ளி மாறிய வேகத்துக்கு ஆசிரியர்களே மிரண்டுபோனார்கள். பாடம் கேள்வியாகி, கேள்வி சண்டையாகி, சண்டை மறுபடி பாடமாகியது. இன்னொரு சிக்கலும் முளைத்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் பிறவியிலேயே அமைதி. அவனை இழுத்துவைத்து, “பேசுடா, கொடி வாடுது” என்று மற்றவர்கள் பிடுங்கியெடுத்தார்கள். தீபலட்சுமி நேரே போய் நின்றார். “நாலு பேரு பேசினாலே கொடிக்குப் போதும். பேசாம இருக்கறதும் அவனோட இஷ்டம். எந்தப் பிள்ளை பேரையும் இனிமே போர்டுல எழுதக் கூடாது, பேசுனாலும் சரி, பேசலைன்னாலும் சரி” என்று எல்லா வகுப்புக்கும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பையன் நிம்மதியாக மூச்சுவிட்டதைப் பார்த்து அவருக்கும் மனம் நிறைந்தது.

எல்லா அறையும் குளிர்ந்தது, ஓர் அறையைத் தவிர. தலைமையாசிரியை அறை. அங்கே அவர் தனியாக உட்கார்ந்திருப்பார், விசிறிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பிள்ளைகளைப் பேசச் சொன்னாரே தவிர, அவருக்கு என்னவோ பேச்சு வரவில்லை. அன்றைக்குச் சாம்பார் புண்ணியத்தில் வந்ததோடு சரி. வகுப்பு வாசல்களில் வந்து நின்று கேட்பார், சிரித்துக்கொள்வார், போய்விடுவார்.

ஜூலை மாதம் ஒரு மதியம். வழக்கம்போல ஏழாம் வகுப்பு வாசலில் வந்து நின்றவர், பலகையின் வலது மூலையில் பழைய கட்டம் திரும்ப வந்திருப்பதைப் பார்த்தார். தலைப்பு மாறியிருந்தது. ‘பேசாதவர்கள்.’ கீழே ஒரே ஒரு பெயர்.

‘எச்.எம். மிஸ்.’

வகுப்பு சட்டென்று அடங்கியது. கொடிகூடக் கொஞ்சம் தயங்கியதுபோல இருந்தது. தீபலட்சுமி உள்ளே வந்தார்.

“மிதுனா. பேரு எழுதக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“புள்ளைங்க பேரத்தான் எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க மிஸ்” என்றாள் மிதுனா. அவள் பின்வாங்கவில்லை. “உங்க ரூம் மட்டும் சூடா இருக்கு மிஸ். நேத்து கையெழுத்து வாங்க வந்தப்போ பாத்தேன். உங்களப் பாக்கப் பாவமா இருந்துச்சு.”

தீபலட்சுமியின் கை கண்ணாடியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

“சரி. பேரு வந்தா என்ன தண்டனை?”

“முன்னாடி வந்து நின்னு ஏதாச்சும் பேசணும் மிஸ்.”

“என்ன பேசறது?”

“எதுனாலும் மிஸ்!” என்றது மொத்த வகுப்பும்.

அவர் மேடை ஏறினார். தொண்டையைச் செருமினார். நாற்பது ஜோடிக் கண்கள். முதல் மாதம் ‘சந்தைக்கடையா?’ என்று கேட்ட அந்த அதிகாரி வாசலில் இல்லை என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

“நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்போ,” என்று தொடங்கினார், “போர்டுல என் பேரு இல்லாத நாளே கிடையாது.”

“மிஸ், நீங்களா!”

“வாயாடின்னுதான் எங்க டீச்சரே கூப்பிடுவாங்க. ஒரு தடவை நான் பேசற பேச்சுல பஸ் கண்டக்டர் எங்க ஸ்டாப்பையே மறந்துட்டாரு. நாங்க எல்லாரும் காட்பாடி போய் இறங்கினோம். அங்க என்ன ஆச்சு தெரியுமா...”

காட்பாடியில் ரயில் வந்தது. ரயிலிலிருந்து ஒரு ஆடு இறங்கியது. ஆட்டுக்காரர் யாரென்று பார்த்தால் அது வேறு கதை. பிள்ளைகள் பெஞ்சில் முட்டிபோட்டு எழுந்து கேட்டார்கள், நடுநடுவே கத்தினார்கள், நம்ப மறுத்தார்கள். கூரையில் கொடி ஜாம்ஜாமென்று விரிந்து, கடைசி வரிசையில் ஒரு பையனுக்குத் தும்மலே வந்துவிட்டது. மணி அடித்தது. அடுத்த பீரியட் டீச்சர் வாசலில் வந்து, கேட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

மிதுனா டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். “மிஸ், போதும் மிஸ், பேர அழிச்சுடறேன்.”

“இரு,” என்றார் தீபலட்சுமி, “நான் இன்னும் முடிக்கல.”